விட்ட மீன் பிழைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், எங்கள் மாவட்டக் கடற்கரைகளில் ராடும் ரீலுமாகச் செயற்கை இரை வீசி மீன் பிடிக்கும் இளைஞர்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நானும் பதினெட்டு வருஷமாக அதைச் செய்கிறவன். ஆனால் அதில் ஒரு வரி இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிடித்த மீனை இவர்கள் கொல்வதில்லை, படம் எடுத்துவிட்டுக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே படமும் இருந்தது. ஒரு தம்பி ஐந்தாறு கிலோ பாறை மீன் ஒன்றைத் தாடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மீனின் ஒரு பக்கம் முழுக்க மணல். அவர் அதை விட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது பிழைத்திருக்குமா என்பதில்தான் சந்தேகம்.

எனக்குச் சொந்த ஊர் புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் சேரும் இடம். அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பது தொழில். அப்பா நாற்பது வருஷம் தூண்டில் போட்டவர். செயற்கை இரை என்பது இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். வள்ளம் ஓடும்போது பின்னால் தங்கூஸ் நூல் விட்டு, தூண்டில் முள்ளில் வெள்ளைத் துணிக் கீற்றோ பளபளக்கும் தாளோ கட்டி அப்பா சீலா பிடித்ததை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். (சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதைத்தான் நாங்கள் சீலா என்கிறோம்.) ஓடுகிற சாளை மீனென்று நினைத்து மீன் பாய்கிறது. இன்றைய பாப்பர், ஸ்டிக்பெய்ட் என்ற செயற்கை இரைகள் செய்வதும் அதே வேலைதான்.

கரையில் நின்று வீசுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. முகத்துவாரத்தில் விடியலுக்கு முன்னால் போய் நின்றால், வற்றம் (கடல் நீர் இறங்குவது) தொடங்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் மடவைக் குஞ்சுகளைக் கடல் பக்கம் இழுத்து வரும். கலக்குத் தண்ணீரும் தெளிவுத் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். பாறை மீனும் கட்டா மீனும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் காத்துக்கிடக்கும். பாப்பரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வீசி, களக் களக்கென்று தண்ணீரைத் துப்பவைத்து இழுத்து வரும்போது, பின்னாலேயே ஒரு அலைமுதுகு தனியாக எழும்பி வரும். அப்புறம் நடப்பதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் அரைத் தூக்கத்தில் எழுந்து போகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2012 மே மாதம், இதே முகத்துவாரத்தில் எனக்கு ஒரு பெரிய பாறை மீன் கிடைத்தது. ராடுக்காரர்கள் ஜி.டி. (ஜயன்ட் ட்ரெவாலி) என்று சொல்லும் வகை, ஒன்பது கிலோவாவது இருக்கும். என் கையில் இருந்ததோ சின்ன மீனுக்கான மெல்லிய ராடு. இருபத்தைந்து நிமிஷம் இழுத்தேன். கரையேறியதும் மணலில் பத்தடி இழுத்துப் போட்டோம். கூட வந்தவர்கள் ஆளாளுக்குத் தூக்கிப் படம் எடுத்தார்கள். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. கடைசியில் நான் மீனை வாலைப் பிடித்துச் சுழற்றி அலைக்கு அப்பால் வீசினேன். அது நீந்திப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, இன்று ஒரு உயிரை விட்டுவிட்டு வந்தேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை அப்பா என்னை எழுப்பினார். "ஏலே, எந்திரி. கூட வா." ஒரு வார்த்தை பேசாமல் கரையோரமாக வடக்கே நடந்தார். முந்நூறு அடி தள்ளி, அலை நுரை விட்டுப்போன கோட்டில் அந்தப் பாறை கிடந்தது. கண்ணை நண்டு தின்றிருந்தது. வாயோரத்தில் என் மூன்று முள் தூண்டில் கிழித்த இடம் அப்படியே தெரிந்தது. மணலில் உரசிய பக்கம் வழுவழுப்பு எல்லாம் போய், சொறி பிடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. "தின்னவும் இல்ல. விக்கவும் இல்ல. பெறகு எதுக்குலே பிடிச்ச?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

நீந்திப் போன மீன் ஏன் செத்தது என்று அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். நெடுநேரம் இழுபட்ட மீனின் தசையில் அமிலம் சேர்ந்துவிடும். கையை விட்டுப் போகும்போது தெம்பாகத்தான் தெரியும், சில மணி நேரம் கழித்துத்தான் சாகும். அதன் செவுள் இழைகள் தண்ணீருக்குள் மட்டுமே விரிந்து நிற்கும். வெளியே எடுத்தால் நனைந்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதற்கு மூச்சு கிடையாது. மேலே உள்ள வழுவழுப்புதான் அதைத் தொற்றிலிருந்து காக்கும் போர்வை. சூடான மணலும் காய்ந்த கையும் அதை உரித்துவிடும். தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டால் உடம்பின் முழுப் பாரமும் தாடைக் கட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தண்ணீரிலேயே காலம் கழிக்கும் உடம்பு அந்தப் பாரத்துக்குப் பழகியதில்லை. சித்திரை வைகாசியில் ஆழமில்லாத தண்ணீர் கொதிக்கும்போது அதில் பிராணவாயுவும் குறைந்திருக்கும். அதனால் உச்சி வெயிலில் விடும் மீன் பிழைப்பது கஷ்டம். 2012இல் இதில் ஒன்று விடாமல் எல்லாத் தவறையும் நான் செய்திருந்தேன்.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று ஒரு மீனை வைத்தே சொல்கிறேன். போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு விடியலில், பதினொரு சென்டிமீட்டர் மீன் வடிவ இரையில் ஒரு கொடுவா மீன் மாட்டியது. முப்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), இரைக்கு முன்னால் ஐம்பது பவுண்டு தாங்கும் லீடர் நூல், அதற்குத் தக்க ராடு. ஆறேழு நிமிஷத்தில் மீன் காலடிக்கு வந்துவிட்டது. கரையேற்றவில்லை. நான்தான் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினேன். டார்ச் அடித்ததும் அதன் கண் கங்கு மாதிரிச் சிவந்தது. கொடுவாவின் அழகு அது. இரையோடு வந்த மூன்று முள் தூண்டில்களை நான் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டேன். ஒற்றை முள்தான் மாட்டுகிறேன். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு நாக்கையும் குறடால் நசுக்கிவிடுவேன். ஒரு திருப்பில் முள் கழன்றது. தண்ணீரிலேயே படுக்கவைத்து நூலால் அளந்தேன், 94 சென்டிமீட்டர். ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்கடியில், தலை ஆற்று நீரோட்டத்தைப் பார்த்து. முன்னும் பின்னும் ஆட்டவில்லை, பிடித்து மட்டும் நின்றேன். செவுள் மூடி ஒரே சீராகத் திறந்து மூட இரண்டு நிமிஷம் ஆனது. அப்புறம் வால் என் மணிக்கட்டில் ஓர் அடி அடித்தது. முகமெல்லாம் தண்ணீர். மீன் இல்லை.

அந்த நேரம் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த எங்கள் ஊர் மாமா ஒருவர், "ஆயிரக்கணக்குல போற மீனு, விட்டுட்டியே மாப்ள" என்று கத்தினார். அவர் அப்படிச் சொல்வது நியாயம். வலை போட்டு வயிறு கழுவும் மனுஷரிடம் மீனை விடச் சொல்லும் உரிமை எனக்கோ வேறு யாருக்குமோ இல்லை. பொழுதுபோக்குக்காகப் பிடிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கொடுவாவை ஏன் விட்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகத்தான் வளரும். சில வருஷம் ஆணாக இருந்து, ஏறக்குறைய ஒரு மீட்டரை நெருங்கும்போது பெண்ணாக மாறும். ஆகவே நாம் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆசைப்படும் பெரிய கொடுவாவெல்லாம் பெரும்பாலும் பெண். முகத்துவாரத்தில் லட்சக்கணக்கில் முட்டை விடப்போகும் தாய்மீன்கள் அவை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் வைத்துக்கொள்ளக் கூடாது, 120க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. குஞ்சையும் விடு, தாயையும் விடு, நடுவில் உள்ளதைத் தின்னு. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது.

பாறையின் கதை வேறு. ஜி.டி. வகை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் முதல் முறை இனப்பெருக்கம் செய்யும். அதற்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். குஞ்சுப் பருவத்தைக் கழிமுகங்களிலும் காயல்களிலும்தான் கழிக்கும். முகத்துவாரத்தில் இளைஞர்கள் ஒரு காலையில் பதினைந்து இருபது என்று வரிசையாக மணலில் அடுக்கிப் படம் எடுக்கும் ஒரு சாண் பாறைகள் எல்லாம் குழந்தைகள். அதே வகை மீன் எழுபது கிலோவுக்கு மேலும் வளரும். 2006இல் ஜப்பானில் ராடில் பிடித்த ஒன்று 72.8 கிலோ இருந்தது.

எல்லா மீனையும் விடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. சீலாவைத் தண்ணீரை விட்டு எடுத்தால் சீக்கிரம் அடங்கிவிடும். விட்டாலும் பிழைப்பது அரிது. அதைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த மீனாக இருந்தாலும் செவுளில் ரத்தம் வந்துவிட்டால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் படகு எடுத்துப் போய் முப்பது நாற்பது மீட்டர் ஆழத்தில் ஜிக் (ஆழத்தில் இறக்கி ஆட்டும் கனமான உலோக இரை) போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. களவா மீனை அவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதி, வயிறே வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும். அதை மேலேயே விட்டால் மிதந்துகொண்டே இருக்கும், பருந்து கொத்தும். எடை கட்டி ஆழத்துக்கு இறக்கிவிட வழி இல்லையென்றால் அதை விடுவதில் அர்த்தமே இல்லை. அப்படியானால் இரண்டு களவா கிடைத்ததும் ஜிக்கைச் சுருட்டிவிட வேண்டும். தீவுகளுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிவைக்கிறார்கள். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அதே நேரம் என்பதால் முகத்துவாரத்தில் ராடுகள் அதிகம் முளைப்பதும் அப்போதுதான். படகுக்காரர் குடும்பம் வருமானம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க, கரையில் குஞ்சுப் பாறைகள் மணலில் துடிக்கின்றன. ஊரில் சிலர் ராடுக்காரர்களை விரட்டுகிறார்கள் என்று உங்கள் கட்டுரை வருத்தப்பட்டிருந்தது. அவர்கள் ஏன் விரட்டுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கலாம்.

தமிழ்நாட்டின் 1983ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடிப்புச் சட்டம் படகுகளை மனத்தில் வைத்து எழுதியது. கரையில் நின்று வீசுகிறவன் அன்றைக்கு யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டான். இப்போது கூட்டம் பெருகிவிட்டது. கேரளத்தில் 58 வகை மீனுக்கு இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்களுக்கு மட்டுமாவது நம் மீன்வளத் துறை கொடுவாவுக்குக் கீழ் அளவு, மேல் அளவு இரண்டும், பாறைக்குக் கீழ் அளவும் வைக்க வேண்டும். முகத்துவாரங்களில் அந்த அளவுக்கோடு வரைந்த ஒரு பலகை நட்டால் போதும், மீனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த முறை இந்த இளைஞர்களைப் பற்றி எழுதும்போது, மீன் தண்ணீருக்குள் இருக்கும் படமாகப் போடுங்கள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அடுத்த பையன் மீனைப் பிடிக்கும் விதத்தைக் கற்றுக்கொள்கிறான். 2012இல் நானும் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துத்தான் அந்தப் பாறையைத் தூக்கினேன்.

ஞாயிறு விடியலில் முகத்துவாரத்தின் தென்கரையில் இருப்பேன். போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி வந்து, "அண்ணாச்சி, ஒத்த முள்ளு போட்டா மீன் தப்பிச்சிராதா?" என்று கேட்டார். சில தப்பும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டப்பாவைத் திறந்து நீட்டினார். பதினாறு இரைகள். எல்லாவற்றிலும் முள் மாற்றி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது, இருவரும் அன்றைக்கு ஒரு வீச்சுகூட வீசவில்லை.

இப்படிக்கு,
எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
புன்னைக்காயல், தூத்துக்குடி மாவட்டம்.