ஷிஃப்டிங் ஆனால் என்ன குறைந்துவிட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன், நியூயார்க் இசை நாடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருடங்களாக ஓடும் நாடகத்தை வேறு அரங்குக்கு மாற்றுவதைக் கட்டுரையாளர் ஓர் அவமானமாகவே எழுதியிருந்தார். புதிய நாடகத்துக்காகப் பழையதைத் துரத்துகிறார்கள், சின்ன அரங்குக்குப் போன நாடகம் அங்கேயே தேய்ந்துபோகும் என்பது அவர் கருத்து. நான் இருபது வருடங்களுக்கும் மேலாக லண்டனில் இருக்கிறேன். டிக்கெட்டுக்கென்று தனியாகக் காசு சேர்த்துவைத்து இந்த நாடகங்களைப் பார்த்து வருகிறேன். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை.

அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது புரிகிறது. மதுரையில் நான் பள்ளியில் படித்த காலத்தில், படத்தை ஒரு தியேட்டரிலிருந்து இன்னொரு தியேட்டருக்கு மாற்றி ஓட்டுவதைக் குறிக்கும் 'ஷிஃப்டிங்' என்ற சொல்லே ஒரு மாதிரிதான் இருந்தது. ஒரு படம் நூறு நாள் ஓடியது என்று யாராவது சொன்னால், எதிர் நடிகரின் ரசிகர் உடனே, "ஒரே தியேட்டர்லயா, ஷிஃப்டிங்லயா?" என்று கேட்பார். ஷிஃப்டிங் என்று தெரிந்துவிட்டால் அந்த நூறு நாளைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆனால் படத்தை ஒரே நேரத்தில் ஐம்பது ஊர்களில் ஓட்டலாம். லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஓடும் இசை நாடகத்துக்கு லண்டனில் ஒரே ஒரு மேடைதான். அந்த மேடையை விட்டு இறங்கி, போக வேறு இடமும் கிடைக்காவிட்டால் அன்றோடு அது முடிந்தது.

'லே மிசராப்ள்' நாடகத்தையே எடுத்துக்கொள்கிறேன். (சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பில் நாம் 'ஏழை படும் பாடு' என்று அறிந்த அதே கதை.) அது 1985 அக்டோபரில் பார்பிக்கன் அரங்கில் தொடங்கியது. டிசம்பரிலேயே பேலஸ் அரங்குக்கு மாறியது. ஆக, அதன் புகழ்பெற்ற லண்டன் ஓட்டமே ஓர் இடமாற்றத்தில்தான் ஆரம்பித்தது. பேலஸில் பதினெட்டு வருடங்களுக்கு மேல் ஓடியபின், 2004 ஏப்ரலில் குவீன்ஸ் அரங்குக்குப் போனது. ஏறத்தாழ 1,400 பேர் உட்காரும் இடத்திலிருந்து ஏறத்தாழ 1,000 பேர் உட்காரும் இடத்துக்கு. அன்றைக்கும் எல்லோரும், சரி, இனி இரண்டு வருடம் தாங்கினால் பெரிது என்றார்கள்.

இரண்டு அரங்குகளிலும் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பேலஸில் எனக்குக் கட்டுப்படியானது உச்சி பால்கனி மட்டும்தான். அந்தப் படிகளின் செங்குத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அங்கிருந்து நடிகர்களின் உச்சந்தலைதான் தெரிந்தது. பாட்டு வந்தது, முகம் வரவில்லை. குவீன்ஸில் அதே விலையுள்ள டிக்கெட்டில், சாகக் கிடக்கும் ஃபான்டீன் என்ற தாய் தன் மகளின் பெயரைச் சொல்லும்போது அவள் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான். அரங்கம் சின்னதானதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பேலஸில் காலியான இடத்துக்கு 2004 செப்டம்பரில் வந்தது இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் 'தி வுமன் இன் ஒயிட்'. அப்போது அந்த அரங்கமே அவருடைய நிறுவனத்துக்குச் சொந்தம். 2006 பிப்ரவரியில் அந்தப் புதிய நாடகம் நின்றுவிட்டது. இடம் விட்டுக்கொடுத்த பழைய நாடகமோ, 2019இல் சோண்ட்ஹைம் என்று பெயர் மாறிய அதே குவீன்ஸில் இன்றும் ஓடுகிறது.

மாற முடியாத நாடகத்தின் கதி வேறு. 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்' 1984இல் அப்போலோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. நடிகர்கள் சக்கரக் காலணியில் ரயில்களாக ஓட வேண்டும் என்பதற்காக அரங்கத்துக்குள்ளேயே, பார்வையாளர்களுக்கு நடுவில் ஓடுதளம் கட்டினார்கள். அதைப் பெயர்த்துக்கொண்டு வேறு அரங்குக்குப் போக முடியுமா? ஏறத்தாழ பதினெட்டு வருடம் ஓடி, 2002 ஜனவரியில் முடிந்தது. அதே அரங்கில் அந்த ஜூன் மாதம் மேடையேறியது நம் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்'. அதைப் பார்க்கப் போன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெஸ்ட் எண்டில் அவ்வளவு பெரிய அரங்கில், அவ்வளவு பெரிய எழுத்தில் அவர் பெயர். அந்த இடம் காலியாகாமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் அங்கே வந்திருக்காது. அதனால்தான் புதியவற்றுக்கு இடம் கொடுக்காதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் 'ஸ்டார்லைட்' இன்னோர் அரங்குக்குப் போகக்கூடியதாக இருந்திருந்தால், ஒருவேளை இரண்டையும் பார்த்திருக்கலாம் அல்லவா?

நியூயார்க்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த ஊரின் பெரிய நாடக அரங்குகளைத்தான் பிராட்வே என்பார்கள்; அப்படிக் கணக்கில் வருபவை மொத்தமே 41 அரங்குகள். பெரிய இசை நாடகத்தைத் தாங்கக்கூடியவை அவற்றிலும் ஒரு பகுதிதான். நாடகம் தயாரிப்பவர் பெரும்பாலும் ஒருவர், அரங்கத்துக்கு உரிமையாளர் இன்னொருவர். வார வசூல் தொடர்ந்து குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் நாடகத்தை வெளியேறச் சொல்லலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். 1,500 இருக்கைகளில் 1,000 நிரம்பினால் அது அரங்க உரிமையாளர் கண்ணுக்கு 500 காலி இருக்கை. அதே 1,000 பேர் 1,100 இருக்கை உள்ள இடத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட ஹவுஸ்ஃபுல். அரை விலைக்கு டிக்கெட்டைத் தள்ளிவிடும் அவசியம் குறைகிறது. நடிப்பவர்களும் நிறைந்த அரங்கத்துக்கு முன்னால் நடிக்கிறார்கள்.

அப்படி மாறித்தான் பல நாடகங்கள் தப்பித்திருக்கின்றன. நியூயார்க் 'லே மிசராப்ள்' 1990இல் 'பிராட்வே தியேட்டர்' என்றே பெயர் கொண்ட அரங்கை 'மிஸ் சைகோன்' நாடகத்துக்கு விட்டுவிட்டு இம்பீரியலுக்குப் போனது. 'மிஸ் சைகோன்' பத்து வருடம் போல ஓடி 2001இல் முடிந்தது. 'லே மிசராப்ள்' அதற்குப் பிறகும் 2003 வரை ஓடியது. 2006இல் 'மேரி பாப்பின்ஸ்' வருவதற்காக டிஸ்னி 'தி லயன் கிங்' நாடகத்தை நியூ ஆம்ஸ்டர்டாமிலிருந்து மின்ஸ்காஃபுக்கு மாற்றியது. 'மேரி பாப்பின்ஸ்' 2013இல் போய்விட்டது. சிங்கம் இன்னும் மின்ஸ்காஃபில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'சிகாகோ'. 1996இல் மறுபடி மேடையேறிய அந்த நாடகம், சில மாதங்களிலேயே ரிச்சர்ட் ராஜர்ஸ் அரங்கிலிருந்து ஷூபர்ட்டுக்கு மாறியது. ரிச்சர்ட் ராஜர்ஸில் காலியான இடத்துக்கு வந்த 'ஸ்டீல் பியர்' நாடகத்தின் பாடல்களும் அதே ஜான் காண்டர், ஃப்ரெட் எப் இருவருடையவை. அது 1997 ஏப்ரலில் வந்து ஜூனில் போனது. 'சிகாகோ' 2003இல் மறுபடி மூட்டை கட்டி அம்பாசிடர் அரங்குக்குப் போய், இன்றுவரை அங்கே ஓடுகிறது. இப்போது பிராட்வேயில் ஓடிக்கொண்டிருப்பவற்றில் அதிக காலம் ஓடியது அதுதான். வாத்தியக் குழு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். கறுப்பு உடை, சில நாற்காலிகள், அவ்வளவுதான் அதன் சாமான். எந்த வீட்டுக்கும் குடிபோகலாம்.

அப்புறம் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'. 1987இல் அது மெஜஸ்டிக் அரங்கை 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' நாடகத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதே தெருவில் எதிரே இருக்கும் செயின்ட் ஜேம்ஸுக்குப் போனது. தயாரிப்பாளர் டேவிட் மெரிக் அழுதுகொண்டிருக்கவில்லை. 'ஃபேண்டம்' டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் தெருவைத் தாண்டி வரட்டும் என்று தன் காட்சியை 8:15 மணிக்குத் தள்ளிவைத்தார். 1989 ஜனவரி வரை அது ஓடியது.

நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. லண்டன் 'ஃபேண்டம்' 1986இலிருந்து இடம் மாறவே இல்லை. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு 2021இல் திரும்பி வந்தபோது 27 பேர் வாசித்த இசைக்குழு 14 பேராகிவிட்டது. 'லே மிசராப்ள்' நாடகத்தின் பழைய சுழல்மேடையும் குவீன்ஸுக்குக் குடிபோனபோது கைவிடப்படவில்லை. பதினைந்து வருடம் அங்கேயும் சுழன்றது. 2019இல் புதிய அமைப்பைக் கொண்டுவந்தபோதுதான் அது போனது. கிளர்ச்சி செய்யும் மாணவர்கள் கட்டிய தடுப்பரண் மெல்லத் திரும்பி, மறுபக்கம் விழுந்து கிடக்கும் பிள்ளைகளைக் காட்டும் அந்த இடத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போனேன். அரங்கம் மாறியதற்கு வருந்தும் கட்டுரையாளர் இந்த இரண்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, நாடகம் எந்த அரங்கில் ஓடுகிறது என்பதோடு, வாசிப்பவர்கள் எத்தனை பேர், பழைய மேடையமைப்பு அப்படியே இருக்கிறதா என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து அக்கா அடுத்த மாதம் வருகிறாள். அவளை 'மம்மா மியா' பார்க்கக் கூட்டிப்போகப் போகிறேன். 1999இல் பிரின்ஸ் எட்வர்டில் தொடங்கி, 2004இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கும் 2012இல் நோவெல்லோவுக்கும் மாறிய நாடகம் அது. நோவெல்லோவில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்