லெக்சஸ் ஆர்எக்ஸ் 350 வாங்க முதல்

அன்புள்ள மச்சான்,

மகளுக்கு வாட்டர்லூவில் இடம் கிடைத்தது பெரிய சந்தோசம். இனி நீ 401 ஹைவேயில் அடிக்கடி ஓடத்தான் வேணும். அதற்காக நீ கேட்ட லெக்சஸ் ஆர்எக்ஸ் 350 எஸ்யுவி பற்றி எனக்குப் பட்டதை எழுதுகிறேன். உன் கையில் இருக்கிற காசுக்கு 2010 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறைதான் பொருந்தும்.

வாட்டர்லூ போகிற வழியில் ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜ் நகரம் வரும். 2003 இலிருந்து ஆர்எக்ஸ் அங்கே செய்யப்படுகிறது. யப்பானுக்கு வெளியே செய்யப்பட்ட முதல் லெக்சஸ் அதுதான். வண்டியின் அடையாள எண்ணான வின் இலக்கம் 2ரி2 என்று தொடங்கினால் கனடாவில் செய்தது, ஜேரிஜே என்றால் யப்பானில் செய்தது. யப்பான் வண்டி என்று சொல்லிக் கூடக் காசு கேட்டால் கொடுக்காதே. வண்டி எத்தனை பனிக்காலம் உப்பில் ஓடியது என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேணும்.

எஞ்சினைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. 3.5 லீற்றர் வி6, ஆண்டைப் பொறுத்து 270 – 275 குதிரைவலு, டேர்போ கிடையாது, காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய ரைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயின். இதே மாதிரி வண்டியான அக்கியூரா எம்டிஎக்ஸ் வாங்கினால் பெல்ற் மாற்றிய பில் இருக்கிறதா என்று தேட வேணும். இதில் அந்த வேலை இல்லை. ஆனால் வி6 குறுக்காகப் படுத்திருப்பதால் பின்பக்க மூன்று ஸ்பார்க் பிளக்குகளுக்கும் கை போகாது. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேல் இன்ரேக் மனிஃபோல்டைக் கழற்ற வேணும். 1,92,000 கிலோமீற்றரில் பிளக் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. அதைத் தாண்டிய வண்டியில் பில் காட்டச் சொல்லு. இல்லாவிட்டால் அந்தக் கூலியை விலையில் கழி. மனிஃபோல்ட் திறந்திருக்கும்போதே ஒயில் கசியாமல் அடைக்கும் பின்பக்க வால்வ் கவர் காஸ்கெற்றையும் மாற்றிவிடு, பிறகு அதே கூலியை இரண்டாம் தரம் கட்டத் தேவையிராது.

இன்னும் இரண்டு இடம் பார். வோட்டர் பம்ப் புல்லிக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பாக உப்புப் படிந்த மாதிரி இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் கசிகிறது. அது செய்யக்கூடிய வேலை. அந்தச் செயினை மூடியிருக்கும் ரைமிங் கவர் ஓரத்தில் ஒயில் வழிந்திருந்தால் கதை வேறு. பெரும்பாலும் எஞ்சினை இறக்கித்தான் அடைக்க வேணும், கூலி ஆயிரக் கணக்கில் போகும். லேசான ஈரம் என்றால் பேரம் பேசு, சொட்டினால் விட்டுவிடு. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் செய்யும்போது ஒரு விநாடி கரகரத்தால் அது வால்வ் ரைமிங் கியர். உடனே ஆபத்தில்லை, ஆனால் திருத்தச் செலவு அதிகம். அதனால் முதல் நாளே சொல்லு, உரிமையாளர் வண்டியைச் சூடாக்கி வைக்கக்கூடாது.

யாராவது 2007 – 2009 வண்டியைக் காட்டினால், எஞ்சின் அதேதான். ஆனால் வால்வ் ரைமிங்குக்குப் போகும் ஒயில் குழாயில் ஒரு துண்டு ரப்பர். அது வெடித்தால் ஒயில் முழுவதும் நிமிசத்தில் றோட்டில் போய்விடும். முழு உலோகக் குழாய் போட்டாயிற்றா என்று பார்க்காமல் எடுக்காதே.

கியர்பொக்ஸில் ஒயில் அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்ரிக்) கிடையாது. ஒயில் மாற்றுவதும் அளவு பார்ப்பதும் கீழிருந்துதான், அதுவும் குறித்த வெப்பநிலையில். "ஆயுளுக்கும் போதும்" என்று யாரும் சொன்னால் நம்பாதே. பின் சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிஃப்ரென்ஷல் இரண்டும் அரை லீற்றர் அளவு ஒயில்தான் பிடிக்கும். அதனாலேயே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாலு ரயரும் ஒரே தேய்மானத்தில் இருக்க வேணும். இல்லாவிட்டால் பின்பக்கத்துக்கு இழுவை அனுப்பும் கப்ளிங் வீணாகச் சூடாகும். வின்ரர் ரயருக்கு 18 அங்குல றிம் எடு, 235/60 அளவு 19 அங்குலத்தைவிட மலிவு, குழிகளிலும் மெத்தென்று போகும்.

உண்மையான பகை கீழேதான். வண்டியை ஹொயிஸ்ரில் ஏற்றி பின்பக்கச் சட்டம் (சப்ஃபிரேம்), பிறேக் குழாய், எக்ஸோஸ்ற் மூட்டு மூன்றிலும் துரு இருக்கிறதா என்று லைற் அடித்துப் பார்க்கச் சொல்லு. பின் பிறேக்கில் உள்பக்கப் பாட் வெளிப்பக்கத்தைவிட நன்றாகத் தேய்ந்திருந்தால், பாட்டை அழுத்தும் கலிப்பர் நகர உதவும் ஊசி இறுகிவிட்டது.

ஓட்டுவதில் சுகம் இருக்கிறது, சுவை இல்லை. ஸ்ரியரிங் மரத்துப் போனது மாதிரி, வளைவில் உடம்பு சாயும். ஆனால் 401-இல் இரண்டு மணித்தியாலம் ஓடி இறங்கினால் முதுகு ஒன்றும் சொல்லாது. பின் சீற் முன்னும் பின்னும் நகரும், சாயும். மூன்றாம் வரிசை இல்லை. நவிகேஷன் உள்ள வண்டிகளில் திரையை இயக்க ஒரு மௌஸ் மாதிரிக் குமிழ் இருக்கும். ஓடிக்கொண்டே ஐகனைப் பிடிப்பது பெரும் கரைச்சல், அது இல்லாத வண்டி கிடைத்தாலும் நல்லதே. பின் தூண் தடிப்பு, கமெரா இல்லாமல் பின்னுக்கு எடுக்காதே.

பெற்றோல்தான் கொஞ்சம் இடிக்கும். நாலு சக்கர இழுவையோடு 100 கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 11.8 லீற்றர் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பெற்றோலோடு மின்மோட்டரும் உள்ள ஆர்எக்ஸ் 450எச் ஹைபிரிட்டுக்கு 8.1. ஆனால் அந்த மிச்சம் ரவுண் ஓட்டத்தில்தான் வரும். ஹைவேயில் வித்தியாசம் குறையும்; குளிரில் ஹீற்றருக்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த வயதில் பற்றறிக்கு வாறன்ரியும் இல்லை. உன் ஓட்டத்துக்கு ஹைபிரிட் வேண்டாம்.

தம்பி சொல்கிற ஔடி கியூ5 ஓட்ட இன்பமானதுதான். ஆனால் 2011, 2012 இரண்டு லீற்றர் எஞ்சின்கள் பிஸ்ரன் றிங் காரணமாக ஒயில் குடிக்கும். அதைத் திருத்துகிற காசில் ஆர்எக்ஸின் சஸ்பென்ஷன் முழுவதையும் புதுப்பிக்கலாம்.

2013 இலிருந்து வந்த, முகம் மாற்றிய சாதாரண ஆர்எக்ஸ் 350 கிடைத்தால் அதையே எடு. பார்க்கிற வண்டியின் வின் இலக்கத்தையும் பில்களின் படங்களையும் எனக்கு அனுப்பு, கராஜுக்குக் கொண்டுபோக முதல் ஒருக்கால் கதைப்போம். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
சிவம்