மாடெல்லாம் சுகமா என்று கேட்டாயே

மூய் ரிவர், தென்னாப்பிரிக்கா,
மே 2025

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. வேலை என்று சாக்குச் சொல்லமாட்டேன். போன செப்டம்பரில் பனி கொட்டி என்-3 சாலையை மூடினார்களே, அதற்கப்புறம் டர்பனிலிருந்து போன் பண்ணி "மாடெல்லாம் சுகமா?" என்றாய். "எல்லாம் சுகம்" என்றேன். பொய். நம்ம பசு செல்லம்மா முந்தின நாளே செத்துப்போய்விட்டாள். பெயர் வைத்தது உன் பாப்பா. எந்த வாயால் சொல்வேன்?

இங்கே ஜூன், ஜூலைக் குளிரில் இரண்டு உறைபனி விழுந்தால் புல் வைக்கோலாகிவிடும். வயிறு நிறையும், சத்து ஏறாது. அதற்காகத்தான் உப்பு, மொலாசஸ் என்கிற கரும்புப் பாகோடு கொஞ்சம் யூரியா கலந்து நக்க வைக்கிறோம். முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கினால்தான் காய்ந்த புல்லும் செரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நக்கினால் மருந்து. தண்ணீரில் கரைந்தால் நஞ்சு.

செப்டம்பர் 20 ராத்திரிப் பனிக்குப் பிறகு, உறைந்துபோன தண்ணீர்த் தொட்டியைக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தேன். நக்குத் தொட்டி ஞாபகமே வரவில்லை. பழைய டயரை அறுத்துச் செய்தது, அடியில் ஓட்டை கிடையாது. பனி உருகி ஒரு வாளித் தண்ணீர் நின்றது. செல்லம்மா குடித்துவிட்டாள். அரை மணி நேரத்தில் தோள்சதை துடித்தது, வாயில் நுரை, இடப்பக்கம் வயிறு உப்பி விறைத்தது. நஞ்சை அடக்க வாயில் வினிகர் ஊற்ற வேண்டும் என்று தெரியும். ஒரு பசுவுக்கு லிட்டர் கணக்கில் வேண்டும். வீட்டில் இருந்தது ஊறுகாய்க்கு வைத்த அரை பாட்டில். உன் தங்கச்சி அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த வருஷம் எல்லாத் தொட்டியும் தகரக் கூரைக்குக் கீழே. அடியில் நானே ஓட்டை போட்டேன். கொட்டகையில் ஐந்து லிட்டர் வினிகர் கேன் நாலு. பசியோடு ஒரு மாடும் நக்கப் போகக்கூடாது, முதலில் வைக்கோல். வைக்கோல் உருளைகள் வந்து இறங்கிவிட்டன. ஆட்டுக்கொட்டிலில் தெற்குப் பக்கம் பலகை அடித்தாயிற்று.

மிச்சம் தீத்தடுப்புக் கோடு ஒன்றுதான். புல் நன்றாகக் காயட்டும், காற்றில்லாத ஒரு காலையில் எல்லையோரப் புல்லை ஒரு பட்டையாக எரிப்போம், காட்டுத்தீ வந்தால் தாண்டாமல் இருக்க. 1998ஆம் வருஷச் சட்டப்படி அது நில உரிமையாளர் கடமை. சட்டம் இல்லாவிட்டாலும் விடமாட்டேன். ஆகஸ்டில் மலைப்பக்கமிருந்து அந்தச் சூட்டுக்காற்று இறங்கினால் ஒரு பொறி போதும். போன தடவை புகையைப் பார்த்ததும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாய். இந்தத் தடவை முதுகில் தண்ணீர் டப்பா உனக்குத்தான், சொல்லிவிட்டேன்.

செல்லம்மாவின் கன்று பிழைத்துவிட்டது. அப்போது மூன்று வாரம், பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தோம். இன்றைக்கும் என் சட்டைக் கையைச் சப்பாமல் விடமாட்டாள். பாப்பாவிடம் நீ சொல்லாதே. வரும்போது அவளையும் கூட்டி வா, நானே சொல்கிறேன்.

பழைய சாக்கு இருந்தால் நாலைந்து எடுத்து வா. நீ தந்த கறிவேப்பிலைக் கன்று இப்போது என் இடுப்பு உயரம். உறைபனிக்கு முன்னால் சுற்றிக் கட்ட வேண்டும்.

உன்
மச்சான்