ஸ்கீன்ஸ் போவதற்குள் இரண்டு பேட்டர்கள்: பைரேட்ஸ் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் முதன்மை உரிமையாளர் திரு. பாப் நட்டிங் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா.

உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தவர்கள் ஏராளம். 2025 ஏப்ரல் 4ஆம் தேதி, சொந்த மைதானத்தில் இந்த ஆண்டின் முதல் ஆட்டம் நடந்த அன்று, அணியை விற்றுவிடச் சொல்லி ஒரு பதாகையை விமானத்தின் வாலில் கட்டி மைதானத்துக்கு மேலேயே பறக்கவிட்டார்கள். எந்த அசைவும் இல்லை. தமிழில் ஒருமுறை எழுதிப் பார்ப்பதால் புதிதாக நஷ்டம் வந்துவிடப் போவதில்லை என்று நினைத்து எழுதுகிறேன்.

நவம்பர் 1, சனிக்கிழமை இரவு, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்தது. ஏழாவது ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மறுபடியும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின இரவு, ஆறாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் டொராண்டோவுக்கு இரண்டு ஆட்கள் பேஸில் நிற்க, ஒருவர்கூட அவுட் ஆகாத நிலையில் உள்ளே வந்தார் டாட்ஜர்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) டைலர் கிளாஸ்னோ. மூன்றே பந்து. மூன்று அவுட். ஆட்டம் முடிந்தது. அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2018 ஜூலை 31 வரை உங்களிடம் சம்பளம் வாங்கியவர்தான். அவரையும் ஆஸ்டின் மெடோஸையும் ஷேன் பாஸையும் டாம்பாவுக்குக் கொடுத்து, கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினீர்கள்.

அதை உங்கள் கஞ்சத்தனத்தில் சேர்க்க மாட்டேன். அது ஆளை எடைபோட்டதில் வந்த கோளாறு. எந்த அணிக்கும் வரும். ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் இரண்டே நாளுக்குள் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கும் ஆண்ட்ரூ மெக்கச்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பினீர்களே, அது முழுக்க முழுக்கச் சம்பளக் கணக்கு. கோல் ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்கு, அதாவது கட்டு விட்டுப்போய் எந்த அணியிலும் சேர்வதற்கு, அப்போது இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருந்தது. அந்த இரண்டு என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

இந்த வாரம் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறக்கிறது. என் விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். நம் முதன்மை பிட்சர் பால் ஸ்கீன்ஸ் பந்து போடும் நாளில் மூன்று, நான்கு ரன் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த இரண்டு பேட்டர்களை இந்தக் குளிர்காலத்தில் எடுங்கள். ஓராண்டுக் கூலிக்கு வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டு, சந்தை விலை கொடுத்து எடுங்கள்.

ஸ்கீன்ஸின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு நாளை மட்டும் நினைவுபடுத்துகிறேன். மே 18, ஃபிலடெல்ஃபியா. 22 வயது இளைஞர், மேஜர் லீகுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அங்கே முதல்முறையாக ஓர் ஆட்டத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை தானே வீசி முடிக்கிறார். எட்டு இன்னிங்ஸ் (முன்னிலையில் இருந்த சொந்த ஊர் அணிக்கு ஒன்பதாவது முறை பேட் செய்யத் தேவை வரவில்லை), கொடுத்தது ஒரே ஒரு ரன். இந்தக் காலத்தில் பிட்சர்கள் ஆறாவது இன்னிங்ஸிலேயே துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். முடிவு? 1-0. தோற்றது நாம். புள்ளிவிவரத் தாளில் அந்தத் தோல்வி அவர் பெயருக்கு எதிரேதான் ஏறியது. மற்ற ஆட்கள் யாராவது ஒருவர் ஒரு பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடித்திருந்தால் போதும், குறைந்தபட்சம் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு அவர் திரும்பி வந்திருப்பார்.

இது தப்பித்தவறி நடந்த ஒரு நாள் என்றால் நான் எழுதவே மாட்டேன். சீசன் முடிந்தபோது அவருடைய ஈஆர்ஏ 1.97. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுப் பேச்சில் அவர் பெயர்தான் முதலில் வந்தது. அப்படிப்பட்டவரின் வெற்றி தோல்விக் கணக்கு 10-10. அணி 71-91, பிரிவில் கடைசி. எடுத்த ரன் 583, அடித்த ஹோம் ரன் 117, இரண்டிலும் முப்பது அணிகளில் நமக்கே கடைசி இடம். ஜூலையில் சியாட்டிலுக்குப் போய் மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் சேர்த்து ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஒற்றை மாட்டை ஏரில் பூட்டி, முழுக் காட்டையும் உழுதுவிடு என்றால் அது எத்தனை நாளைக்கு இழுக்கும்?

அவருக்கு இந்த ஆண்டு நீங்கள் கொடுத்த சம்பளம் 8,75,000 டாலர். 2025இன் குறைந்தபட்சச் சம்பளமே 7,60,000 என்பதால், சந்தையில் இவ்வளவு மலிவாக இப்படியொரு ஆள் கிடைப்பது ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான். விதிப்படி இன்னும் ஒரு சீசன் அந்த மலிவு தொடரும். 2029 முடிந்ததும் அவர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஆனால் கோலை அனுப்பிய கணக்கை இங்கேயும் போட்டால், ஃப்ரீ ஏஜென்ட் ஆக இரண்டு சீசன் இருக்கும்போது என்றால், கெடு 2027 முடிவு. ஆக, எங்கள் கையில் இருப்பது 2026, 2027. அவ்வளவுதான். 'பொறுமையாக இருங்கள், பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள்' என்று சொல்வதற்கு இனி நேரமில்லை. நம் இளம் வீரர் கானர் கிரிஃபின் பெரிய ஆளாக வருவார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவருக்கு 19 வயது. பத்தொன்பது வயதுப் பையனின் தோளில் உங்கள் பட்ஜெட்டையும் தூக்கி வைக்காதீர்கள்.

'சின்னச் சந்தை, வருமானம் குறைவு' என்ற பதில் வரும், தெரியும். அதில் உண்மை இல்லாமலில்லை. சீசன் தொடக்கத்தில் நம் சம்பளப் பட்டியல் 9 கோடி டாலருக்கு அக்கம்பக்கம். டாட்ஜர்ஸுக்கு 30 கோடிக்கு மேல். நியூயார்க் மெட்ஸ் ஒரே ஆளுக்கு, ஹுவான் சோட்டோவுக்கு, 15 ஆண்டுக்கு 76.5 கோடி எழுதிக் கொடுத்தார்கள். அவர்களோடு போட்டி போடச் சொல்லி எங்களில் புத்தியுள்ள யாரும் கேட்கவில்லை. மில்வாக்கியைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். டிவி சந்தைக் கணக்கில் நம்மைவிடச் சிறிய ஊர். நம் பிரிவிலேயே ஆடி 97 ஆட்டம் ஜெயித்தார்கள். சின்சினாட்டி 83 ஜெயித்து, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. கிளீவ்லாந்து தன் பிரிவையே ஜெயித்தது. சின்ன ஊர் என்ற மழை நம் வீட்டுக் கூரைமேல் மட்டும்தான் பெய்கிறதா?

இந்த அணி ஒரு ஃப்ரீ ஏஜென்டுக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் எது தெரியுமா? உங்களுக்குத் தெரியும், கையெழுத்தே உங்கள் காலத்தில் போட்டதுதான். 2014 டிசம்பரில் ஃபிரான்சிஸ்கோ லிரியானோவுக்கு மூன்று ஆண்டுக்கு 3.9 கோடி. பதினோரு ஆண்டாகியும் அதைத் தாண்டவில்லை. 2016 டிசம்பரில் இவான் நோவாவுக்கு மூன்று ஆண்டு கொடுத்தீர்கள். அதோடு சரி. அதன்பிறகு 2025 வரை வந்தவர்கள் எல்லாரும் ஓராண்டு வாடகைக்கு வந்தவர்கள். பிப்ரவரியில் வந்து, ஜூலையில் பெட்டி கட்டுகிறார்கள். பிரையன் ரெனால்ட்ஸுக்கு 2023இல் 10 கோடிக்கு மேல் கொடுத்தீர்கள், மிட்ச் கெல்லருக்கு 7.7 கோடி கொடுத்தீர்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்ததற்கு நன்றி. ஆனால் அதே வரிசையில் 2029 வரை ஒப்பந்தம் போட்டிருந்த கிபிரையன் ஹேஸை இந்த ஜூலையில் சின்சினாட்டிக்கு அனுப்பியபோது ஒரு பெரிய தொகை மிச்சமானதே, அது எந்த வரவில் ஏறியது? பக்கத்து மார்ஸ் ஊர்க்காரரான டேவிட் பெட்னாரையும் யாங்கீஸுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் பிடித்தது தெரிகிறது, செலவு செய்ததுதான் கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொது நிதியில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கிறது. நம்மைப் போன்ற அணிகள் அதில் போடுவதைவிட எடுப்பதுதான் அதிகம். அந்தப் பணம் அணியின் ஆட்டத்தை மேம்படுத்தத்தான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அப்படிச் செலவாகவில்லை என்று 2018இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள்மேல் புகார் கொடுத்ததே, அதில் ஒன்று எது என்று நான் சொல்லி நீங்கள் சங்கடப்பட வேண்டாம். 2010இல் கணக்குப் புத்தகம் வெளியே கசிந்தபோது, தோற்றுக்கொண்டே இருந்த 2007, 2008 இரண்டு ஆண்டிலும் லாபம்தான் என்று ஊருக்கே தெரிந்தது. 1996இல் கெவின் மெக்லாட்சி குழு இந்த அணியை வாங்கியது பத்துக் கோடி டாலருக்கும் குறைவான விலைக்கு. இன்று நூறு கோடிக்கு மேல் மதிப்பு. மைதானத்தைப் பெரும்பாலும் பொதுப் பணத்தில் கட்டிக் கொடுத்தோம். ஆற்றங்கரையில் அதைவிட அழகான மைதானம் அமெரிக்காவில் இல்லை. அங்கே உட்கார்ந்து கிளெமென்ட்டே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே டிக்கெட் காசு செரித்துவிடும். நல்லவேளை, ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை.

மன்னிக்கவும். அடக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனால் இந்த ஆண்டு நடந்ததை நினைத்தால் அடக்கம் நிற்பதில்லை. வலது புறச் சுவர் 21 அடி உயரம். இந்த அணியின் மறைந்த ஜாம்பவான் ராபர்ட்டோ கிளெமென்ட்டேவின் எண் 21, அதற்காகவே அந்த உயரம். அந்தச் சுவரில் இருந்த அவருடைய 21ஐ எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டினீர்கள். அவர் குடும்பத்தார் கேட்ட பிறகுதான் திரும்ப வைத்தீர்கள். அதே ஏப்ரலில், மைதானம் கட்டியபோது ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்த செங்கற்கள் மறுசுழற்சிக் கிடங்கில் குவியலாகக் கிடந்த படம் ஊரெல்லாம் சுற்றியது. செத்துப்போன அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், புதுசாகக் கல்யாணமானவர்களின் பெயர், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, உடைந்த கான்கிரீட்டோடு. தேய்ந்ததை மாற்றுவது தவறல்ல. எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைக்குச் செலவு கிடையாது. இதையும் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களோ என்னவோ.

அதே ஆற்றங்கரையில் கொஞ்சம் தள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் ஆடுகிறார்கள். ஆறு சூப்பர் பௌல். பாலம் தாண்டினால் ஐஸ் ஹாக்கி அணியான பெங்குயின்ஸ், ஐந்து ஸ்டான்லி கோப்பை. மூன்று அணிக்கும் அதே கறுப்பும் தங்கமும், அதே ஊர், அதே ஜனம். அந்த இரண்டு விளையாட்டிலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, கீழ்வரம்பும் உண்டு. அதாவது உரிமையாளர் நினைத்தாலும் இவ்வளவுக்குக் கீழே போக முடியாது. பேஸ்பாலில் இரண்டும் இல்லை. 2026 டிசம்பர் 1ஆம் தேதி வீரர்களுடனான தொழிலாளர் ஒப்பந்தம் முடிகிறது, உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்கள் பக்கம் பேச்சு எழும். தாராளமாகக் கேளுங்கள். கீழ்வரம்பையும் சேர்த்துக் கேட்டால் நானே வந்து கை தட்டுகிறேன். அதுவரை, சட்டம் கட்டாயப்படுத்தாததை மனசாட்சியாவது கட்டாயப்படுத்த வேண்டும்.

உங்களுக்குத் துணிச்சல் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2008இல் இந்தியாவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கையும் தினேஷ் பட்டேலையும், அந்த ஆண்டுக்கு முன் பேஸ்பாலையே தொடாதவர்களை, ஒப்பந்தம் போட்டு எடுத்தது உங்கள் அணிதான். ஊரில் என் சொந்தக்காரர்கள் பலருக்கு பைரேட்ஸ் என்ற பெயரே அப்படித்தான் தெரியும். மலிவாகக் கிடைக்கும் என்றால் உலகத்தின் எந்த மூலைக்கும் போய்த் தேடுகிறீர்கள். விலை சொல்லும் இடத்தில்தான் கால் பின்வாங்குகிறது.

விற்றுவிடுங்கள் என்று கூச்சலிடுபவர்களோடு நான் சேரவில்லை. 2007இலிருந்து நீங்கள்தான் முதன்மை உரிமையாளர், உங்கள் சொத்து, உங்கள் இஷ்டம். 2013, 14, 15 மூன்று வருடமும் பிளேஆஃபுக்குப் போனது உங்கள் காலத்தில்தான். 2013இல் சின்சினாட்டியோடு ஆடிய அந்த அக்டோபர் இரவில் மைதானமே அவர்களுடைய பிட்சர் குவெய்ட்டோவின் பெயரைச் சொல்லிக் கத்த, அவர் கையிலிருந்து பந்து நழுவியது நினைவிருக்கிறதா? அது இந்த ஊர்தான். இருபது ஆண்டு தொடர்ந்து தோற்ற பிறகும் அப்படிக் கத்தத் தெரிந்த ஜனம். அவர்கள் கேட்பது அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை.

டிசம்பரில் ஒர்லாண்டோவில், அணிகள் ஆள் பேரம் பேசும் குளிர்காலக் கூட்டம். உங்கள் பொது மேலாளர் பென் செரிங்டன் விமானம் ஏறுமுன் அவருக்கு இந்த ஆண்டைவிடக் கூடுதலான ஒரு தொகையைச் சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் அந்தத் தொகையை எங்களுக்கும் சொல்லுங்கள். 39 வயது மெக்கச்சன், இந்த ஜூனில் கிளெமென்ட்டேவின் ஹோம் ரன் கணக்கைத் தாண்டியவர், அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் போனுக்காகக் காத்திருக்க வைக்காமல் நேரில் சொல்லிவிடுங்கள். மற்றபடி நான் கேட்பது முதலில் கேட்டதேதான்: ஸ்கீன்ஸுக்குத் துணையாக இரண்டு பேட்டர்கள், பல ஆண்டு ஒப்பந்தத்தில், இந்தக் குளிர்காலத்திலேயே. தயவுசெய்து.

இப்படிக்கு,
அலெகேனி ஆற்றுக்குத் தெற்கே வசிக்கும் ஒரு பைரேட்ஸ் ரசிகன்