சோளக்காட்டுக்குள் ஒரு புதிர்ப்பாதை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. விதைத்த கையோடு மழை பெய்து, மக்காச்சோளம் பழுதில்லாமல் முளைத்திருக்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இங்கே பென்சில்வேனியாவில், பக்கத்துப் பண்ணைக்காரர் நான்கு ஏக்கர் மக்காச்சோளத்தில், ஆட்கள் உள்ளே நுழைந்து வழி தேடி விளையாடுகிற புதிர்ப்பாதை போட்டார். ஜூனில் நானும் இரண்டு சனிக்கிழமை கூட வேலை செய்தேன். ‘விளைகிற பயிரை அழித்தா விளையாட்டு?’ என்று நீ கேட்பாய். எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் அந்த வேலையில் பாதிக்கு மேல் விவசாயம்தான்.

அக்டோபரில் கூட்டம் வரும்போதும் தோகை பச்சையாக நிற்க வேண்டும் என்று சில வாரம் பிந்தித்தான் விதைத்தார். வடக்கு தெற்காக ஒரு தடவை, அதே நிலத்தில் கிழக்கு மேற்காக இன்னொரு தடவை. ஒரே திசையில் போட்டால் சால் இடைவெளியில் அடுத்த பாதை தெரிந்துவிடும்.

பயிர் முழங்காலுக்கு வருமுன் பாதை போட்டாக வேண்டும். கட்டம் போட்ட தாளைப் பார்த்துப் பார்த்து, கயிறு பிடித்து அளந்து நான் கொடி நட்டேன். அவர் பின்னாலேயே பவர் டில்லர் ஓட்டி வந்தார். ஏன் அரிவாளால் வெட்டவில்லை தெரியுமா? அந்தப் பருவத்தில் குருத்து மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். ஒரு தட்டையைப் பிடுங்கி நகத்தால் பிளந்து காட்டினார். அடியில், வேருக்குச் சற்று மேலே, வெள்ளையாய் அரிசி மாதிரி ஒரு முனை. இத்தனை வருஷம் சோளக்காட்டில் திரிந்தும் அதை நான் பார்த்ததே இல்லை.

இந்த வழக்கம் தொடங்கியதும் இதே மாநிலத்தில்தான். 1993இல் ஆன்வில் என்ற ஊரில் டான் ஃபிரான்ட்ஸ் என்ற நாடகத் தயாரிப்பாளரும், ஆங்கிலேயப் புதிர்ப்பாதை வல்லுநர் ஏட்ரியன் ஃபிஷரும் சேர்ந்து டைனோசர் வடிவில் போட்டார்கள். இப்போது பெரிய பண்ணைகளில் ஜிபிஎஸ் வைத்த டிராக்டரே கோடு பிடித்து ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் டிக்சனில் 2014இல் போட்டது 60 ஏக்கர்!

அப்புறம் ஒரு நுணுக்கம். ஒரு பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பார்கள். சேர வேண்டிய இடத்தை வெளிச்சுவரோடு ஒட்டாத தனித்திட்டில் வைத்துவிட்டால் அது பலிக்காது. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட வாசலுக்கே வருவோம். எங்கள் பண்ணைக்காரர், போய்ச் சேர வேண்டிய மணிக்கூண்டை அப்படித்தான் வைத்திருக்கிறார். போன வாரம் உள்ளே போனேன். தலைக்கு மேல் பயிர்; நான் கொடி நட்ட பாதை எது என்றே தெரியவில்லை. மணியை எட்ட முக்கால் மணி நேரம் ஆனது.

கூட்டம் ஓய்ந்ததும் நிற்கிற கதிரை அறுவடை செய்துவிடுவார். உன் காட்டில் பயிர் இப்போது முழங்கால் உயரம் இருக்குமா? ஒரு தட்டையைப் பிளந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்