22 வருடப் போறணை வேலையில் இருந்து ஒரு துண்டுக் கடிதமும் இல்லாமல் நிறுத்தப்பட்டது தொடர்பான கோரிக்கை மனு

உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
தொழில் திணைக்களம்,
யாழ்ப்பாணம்.

2025 ஓகஸ்ட் 4

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொக்குவிலில் இருக்கிறேன். வயது 53. யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரியில் 2003 மாசியில் இருந்து போறணையில், அதாவது பாண் சுடுகிற விறகு அடுப்பில், வேலை செய்தவன். இந்த வருடம் ஜூன் 16, திங்கட்கிழமை, விடியப்புறம் கடைசித் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றபோது, "அண்ணை, நாளையில இருந்து நீங்கள் வரவேண்டாம்" என்று சொன்னார்கள். விசாரணை இல்லை, முன்னறிவித்தல் இல்லை, கடிதம் இல்லை. எனக்கு விளங்கவில்லை, விடுமுறை தருகிறார்களாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோதுதான் அவள் கேட்டாள், "வரவேண்டாம் எண்டா நிப்பாட்டிப் போட்டினமோ?" என்று.

பேக்கரியின் பெயரையும் முதலாளியின் பெயரையும் இதில் நான் எழுதவில்லை. இந்த மனுவை நாலு பேர் வாசிக்கப் பகிர்கிறேன், ஆளை நாறடிப்பது என் நோக்கம் இல்லை. உங்கள் அலுவலகத்தில் நான் கொடுத்த முறைப்பாட்டுப் படிவத்தில் எல்லா விபரமும் இருக்கிறது.

"விறகு தள்ளுற வேலைதானே, ஆரும் செய்வாங்கள்" என்று இப்போது என்னைப் பற்றிச் சொல்லித் திரிகிறார்களாம், அதனால் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவு 7 மணிக்குப் போனால் போறணையில் விறகு அடுக்கி நெருப்பு வைப்பேன். கல் நன்றாகச் சூடேறியதும் தணலை வாரி ஒதுக்கி, நீளத் தடியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து பார்ப்பேன். போட்டவுடன் கருகினால் சூடு கூட, கொஞ்சம் பொறுக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பிஸ்கட் நிறத்துக்கு வந்தால் சரி, அச்சுப்பாண் போகலாம். அதன் பிறகு றோஸ் பாண், சூடு இறங்க இறங்கப் பணிஸ், கடைசியில் கேக். சூட்டுமானி ஒன்றும் அங்கே இல்லை. எல்லாம் என் கைக் கணக்குத்தான். 4 மணிக்குப் பாண் ஓட்டோக்கள் வந்து நிற்கும், அதற்குள் எல்லாம் ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு பையில் போட்டால் பாண் வியர்த்துப் பழுதாகிவிடும். என் வலக்கையில் முழங்கைக்குக் கீழே மயிர் முளைப்பதில்லை. 22 வருடம் அந்தப் போறணை வாயிலுக்குள் போய் வந்த கை.

பெரிய முதலாளி இருந்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லமாட்டேன், சம்பளம் பிந்தும், ஏசுவார், ஆனால் மனிதர் எங்களோடு இரவில் நின்றவர். 2006 ஆவணியில் போரால் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது மா கப்பலில் வந்தால்தான் பாண் என்ற நிலை. ஊரடங்கு வேறு. அப்போது எனக்கும் மற்ற இரண்டு பேருக்கும், "இவர் எமது பேக்கரியில் இரவு வேலை செய்பவர்" என்று கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்து, றப்பர் முத்திரையும் குத்தித் தந்தார். சோதனைச் சாவடியில் மறித்தால் காட்டுவதற்கு. நான் அதைச் சட்டைப் பையில் வைத்து வைத்து மடிப்பெல்லாம் கிழிந்து, பிறகு லமினேற் செய்து வைத்திருக்கிறேன். அதில் போட்டிருக்கிற திகதி 2007 பங்குனி. அந்தக் கடிதம் ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

2022இல் நாட்டில் காஸ் இல்லை, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. எத்தனையோ பேக்கரிகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் போறணை விறகில் எரிந்தபடியால் மா கிடைத்த நாளெல்லாம் பாண் போட்டோம். மா குழைக்கிற மிசின் கரண்ட் இல்லாமல் நின்றபோது நானும் இரண்டு பெடியங்களும் கையால் குழைத்தோம். விடிய முதலே சனம் கடை வாசலில் வரிசையில் நிற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர்களும் உண்டு. அந்த நேரம் "எங்கட போறணை இல்லாட்டி கடை இல்லை" என்று என் தோளில் தட்டிச் சொன்னவர் பெரிய முதலாளியின் மருமகன்தான், இப்போது நிர்வாகம் பார்க்கிறவர்.

சரி, என்னை ஏன் நிறுத்தினார்கள்? இதுவரைக்கும் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் வாயால்தான். அன்று காலை சொன்னது, "மின்சார ஓவன் பூட்டப்போறம், இனிப் போறணை தேவையில்லை. உங்களுக்கும் வயது போட்டுது" என்பது. மூன்று நாள் கழித்து நான் மனைவியையும் கூட்டிக்கொண்டு மிச்சச் சம்பளம் கேட்கப் போனபோது சொன்னது வேறு. "மா மூட்டைக் கணக்கு இடிக்குது அண்ணை, நாங்கள் பொலிசுக்குப் போகேல்லை எண்டு சந்தோசப்படுங்கோ." என் மனைவிக்கு முன்னால், கடையில் பாண் வாங்க வந்து நின்ற இரண்டு பேருக்கு முன்னால் இதைச் சொன்னார்கள்.

ஐயா, இந்த இரண்டில் எது உண்மை என்றாலும் அவர்கள் செய்தது பிழை. போறணையை மூடுவதுதான் காரணம் என்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஒரு தொழிலாளியை அப்படி நிறுத்துவதற்கு முன்பே அவருடைய எழுத்து மூலச் சம்மதம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி எடுக்க வேண்டும். இரண்டும் எடுக்கவில்லை. களவுதான் காரணம் என்றால், அதே சட்டம் நிறுத்திய நாளில் இருந்து இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரச் சொல்கிறது. இன்றைக்கு ஏழு கிழமை ஆகிறது, எனக்கு ஒரு துண்டும் வரவில்லை. வயது என்றால், 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி என்னைப் போன்றவர்களுக்கு ஓய்வு வயது 60. எனக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.

மா கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை போனதை விட இதுதான் எனக்கு நித்திரை இல்லாமல் செய்கிறது. களஞ்சியத் திறப்பு 22 வருடத்தில் ஒருநாளும் என் கையில் இருந்ததில்லை. மூட்டையை எண்ணி எடுத்துத் தருபவர் ஒருவர், கொப்பியில் பதிபவர் இன்னொருவர். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 150 றாத்தல் பாண் வரும், இது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். ஓட்டோக்காரர்கள் ஒவ்வொருவரும் எத்தனை றாத்தல் எடுத்தார்கள் என்று அவர்களுடைய கொப்பியிலும் இருக்கிறது, கடைக் கொப்பியிலும் இருக்கிறது. மூட்டைக் கணக்கையும் பாண் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். அந்தக் கொப்பிகளை அழைப்பித்துப் பார்க்கச் சொல்லி நானே கேட்கிறேன். என் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம் இது. "தகப்பன் மா களவெடுத்து வேலை போனவர்" என்ற கதை கொக்குவிலுக்கு வந்து சேர எத்தனை நாள் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஜூன் 27ஆம் திகதி ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு லட்சம் ரூபாக் காசும் ஒரு கடிதமும். கடிதம் இங்கிலிசில். "சும்மா போமாலிற்றி அண்ணை, கையெழுத்தை வைச்சுப்போட்டுக் காசை எடுங்கோ" என்றார். சின்ன மகள் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, நான் சுயவிருப்பில் விலகுவதாகவும் இனி ஒரு கொடுப்பனவும் கோரமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறது என்று சொன்னாள். அந்த நேரம் வீட்டில் அரிசி வாங்கவும் காசில்லை, உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காசை நான் ஒருமுறை பார்த்தேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னை நிறுத்தும் முன்பே எடுத்திருக்க வேண்டிய சம்மதத்தை நிறுத்திய பிறகு எடுக்கத்தான் அந்த ஒரு லட்சம் வந்தது என்று இப்போது விளங்குகிறது. என் கடைசி மாதச் சம்பளம் 64,000 ரூபா. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நிறைவு செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்று பார்த்தால் 22 வருடத்துக்கு 11 மாதச் சம்பளம், அதாவது 704,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டிய காசு அது, வேலையைத் திருப்பித் தராவிட்டால்.

ஊழியர் சேமலாப நிதியை (EPF) பார்க்கப் போனபோது இன்னொன்று தெரிய வந்தது. என் பெயரில் காசு கட்டத் தொடங்கியது 2012இல் இருந்துதான். அதுவும் 30,000 ரூபாச் சம்பளம் என்று காட்டி. என்னிடம் கழித்தது 8 வீதப்படி 2,400 ரூபா, அவர்கள் போட்டது 12 வீதப்படி 3,600 ரூபா. 64,000க்குக் கணக்குப் பார்த்தால் அவர்கள் மாதம் 7,680 ரூபா போட்டிருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர்கள் கட்ட வேண்டிய 3 வீதமும் இதே கதைதான். அதற்கு முந்திய ஒன்பது வருடத்துக்கு ஒரு சதமும் இல்லை. "2012க்கு முதல் இவர் எங்களிட்ட வேலை செய்யேல்லை" என்று அவர்கள் சொல்லப்போவதாகக் கேள்விப்பட்டேன். 2007ஆம் ஆண்டுக் கடிதத்தை நான் லமினேற் செய்து வைத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் சொல்லக்கூடிய அடுத்த கதை, அங்கே 15 பேர் இல்லை, அதனால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்பது. பதிவில் இருப்பது ஒன்பது பேர். வேலை செய்பவர்கள் 23 பேர், நான் போன பிறகு 22. உங்கள் உத்தியோகத்தர் பகலில் போனால் காசாளரையும் விற்பனைக்கு நிற்கிற பிள்ளைகளையும்தான் காண்பார். பேக்கரி இரவுத் தொழில் ஐயா. இரவு 10 மணிக்குப் பிறகு, முன்னறிவித்தல் கொடுக்காமல், கடை வாசலால் போகாமல் பின் ஒழுங்கையால் வந்து எண்ணச் சொல்லுங்கள். மா குழைக்கிற இடத்தில் ஆறு பேர், மேசையில் எட்டுப் பேர், அவர்களில் நாலு பேர் 20 வயதுக்கு உட்பட்ட பெடியங்கள், மலையகத்தில் இருந்து வந்து மேல்மாடியில் தங்கி நிற்கிறவர்கள். அந்தப் பெடியங்களுக்குச் சேமலாப நிதி என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது தெரியாது, கேட்கவும் இல்லை, அதனால்தான் ஒன்பது வருடம் போனது. அவர்களைப் பயமில்லாமல் தனித்தனியாகக் கதைக்க விடுங்கள். முதலாளிக்கு முன்னால் கேட்டால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான்.

நான் கேட்பது என்னவென்றால், முதலில் என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படியும், நின்ற நாட்களுக்குரிய சம்பளத்தைத் தரும்படியும் உத்தரவிட வேண்டும். மின்சார ஓவன் வந்தால் வரட்டும், அதையும் நான் பழகிக்கொள்வேன், மா பொங்கியதா இல்லையா என்று மிசின் சொல்லாது, ஆள்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, மா களவு என்று சொன்னதற்கு ஆதாரம் இருந்தால் உங்கள் முன்னிலையில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது பொய் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். என்னைத் திரும்ப எடுப்பது முடியாது என்று தீர்மானமானாலும் இந்தக் கடிதம் எனக்கு வேண்டும். நட்டஈடும் பணிக்கொடையும் சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு, ஒரு ரூபா கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். 2003 தொடக்கம் 2012 வரைக்கும் விடுபட்ட சேமலாப நிதியையும், அதற்குப் பிறகு குறைத்துக் கட்டியதையும் அறவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் நேரம் இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் ஐயா, நல்லூர்க் கொடியேறி விட்டது. திருவிழாக் காலத்தில்தான் எங்களுக்கு இரட்டிப்பு வேலை, அந்தக் காசில்தான் பிள்ளைகளின் அடுத்த வருடச் செலவைப் பார்ப்பேன். இப்போது மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. நான் பகலில் ஒரு மேசன் ஐயாவோடு கல் சுமக்கப் போகிறேன், கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை வருகிறது. இரவு 1 மணிக்கு இன்னமும் தன்பாட்டில் கண் முழிக்கிறது, அதுதான் முதல் தட்டு இறக்குகிற நேரம். தயவு செய்து விசாரணைத் திகதியை இந்த மாதத்துக்குள் தாருங்கள். எந்த நாள், எந்த நேரம் என்றாலும் வருவேன்.

2007ஆம் ஆண்டுக் கடிதத்தின் பிரதி, கையில் இருக்கிற 31 சம்பளக் கவர்களின் பிரதிகள், சேமலாப நிதிக் கணக்கு விபரம், என்னைக் கையொப்பமிடக் கேட்ட கடிதத்தை மகள் தொலைபேசியில் எடுத்த படம் எல்லாம் இதனோடு இணைத்திருக்கிறேன். 2007ஆம் ஆண்டுக் கடிதத்தின் மூலப் பிரதியை விசாரணை அன்று கொண்டு வருவேன், அதை மட்டும் ஒருவரிடமும் கொடுத்துவிட்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
போறணைத் தொழிலாளி,
கொக்குவில்.
(பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் மூல மனுவில் உள்ளன)