கணுக்கால் அறுவைக்குப் பின் என்னை நடமாட வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வலது கணுக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்து, தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்தப்பட்டு நான் வீடு திரும்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. நேற்று மாலை கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறி இறங்கினேன். அதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மனம் விரும்பியதால் இம்மடலை எழுதுகிறேன்.

ஆறு வாரங்களுக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, ஆறு வாரமும் கட்டிலோடு கிடக்க வேண்டும் என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஊன்றாமல் இருப்பது வேறு, அசையாமல் இருப்பது வேறு என்பதை எனக்குப் புரிய வைத்தவர்கள் நீங்கள்தாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் கால் மணி நேரம் என் அருகில் அமர்ந்து விளக்கியதை மறக்க மாட்டேன். பாதம் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகாலை எதிலும் அழுந்தாமல் விட வேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் அடிக்கடி விரல்களை அசைத்து முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும் என்றார். அசைவற்ற காலில் ரத்தம் உறையக்கூடும் என்பதையும், கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தாலும், மூச்சுத் திணறினாலும் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது என்பதையும் அவர் சொன்ன விதத்தில் அச்சம் வரவில்லை, கவனம் வந்தது.

ஊன்றுகோல்களை என் உயரத்துக்குச் சரிசெய்தவர் இயன்முறை மருத்துவர். அதுவரை அக்குளை அவற்றின் மேல் சாய்த்தே நான் நின்றேன். அவ்வாறு நின்றால் அங்குள்ள நரம்புகள் நசுங்கிக் கை மரத்துப்போகும். அக்குளுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி விட்டு, எடை முழுவதையும் உள்ளங்கைகளில் தாங்கச் சொன்னார். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஊன்றுகோல்களும் அடிபட்ட காலும் முன்னே என்ற முறையை மூன்றே படிகளில் ஒரு நாள் முழுக்கப் பழக்கினார். நான் ஏறும்போதெல்லாம் ஒரு படி கீழே அண்ணி நின்றார். கை நீட்டியபடி, ஆனால் என்னைத் தொடாமல் நின்றார். பிடித்துத் தூக்கிவிடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாததற்காகவே அவருக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். உடல் தளர்ந்த நாள்களில், படியில் அமர்ந்து பின்புறமாக ஒவ்வொன்றாக நகர்ந்து ஏறலாம் என்று காட்டியவரும் அவரே.

மகள் தரைவிரிப்புகளைச் சுருட்டி எடுத்தாள், குறுக்கே கிடந்த மின்கம்பிகளைச் சுவரோரம் ஒதுக்கினாள், குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு வைத்தாள். இரண்டு கைகளும் ஊன்றுகோலில் இருப்பவரால் ஒரு குவளைத் தண்ணீரைக்கூட எடுத்துச் செல்ல முடியாது என்பதைக் கவனித்து, மூடியிட்ட குடுவை, கைப்பேசி, மாத்திரை எல்லாம் அடங்கும் தோள்பை ஒன்றை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். அன்று முதல் தாகத்துக்கு யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிறு பை எனக்குத் திருப்பித் தந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மூன்றாம் வாரத்தில், முழங்காலை மடித்துத் திண்டில் வைத்து மறு காலால் உந்திச் செல்லும் நான்கு சக்கர வண்டியை அண்டை வீட்டார் கொடுத்து உதவினார். படிகளுக்கு அது உதவாது, வேகமாகத் திருப்பினால் கவிழவும் கூடும். ஆனால் சமதரையில் உள்ளங்கைகளுக்கு அது தந்த ஓய்வு பெரிது.

இதே அறுவையைக் கடந்து வந்த நண்பர் மாலைதோறும் தொலைபேசியில் பேசினார். காலைத் தொங்கவிட்டதும் பாதம் கருஞ்சிவப்பாகிக் குத்தும், உயர்த்தினால் தணியும் என்று அவர் முன்னரே சொல்லியிராவிட்டால், முதன்முறை அதைக் கண்டு கலங்கிப்போயிருப்பேன். வீக்கம் முழுமையாக வடியப் பல மாதங்கள் பிடிக்கும் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். இன்னும் மாலையில் வீங்கத்தான் செய்கிறது.

எலும்பு கூடிவிட்டதை ஊடுகதிர்ப் படம் காட்டிய பிறகு, கணுக்காலைத் தாங்கும் மருத்துவப் பூட்ஸ் அணிந்து, எடை பார்க்கும் கருவியின் மேல் வலது காலை வைத்து 10 கிலோ, சில நாள் கழித்து 20 கிலோ என்று அழுத்திப் பழகினேன். கெண்டைக்கால் மெலிந்து என்னுடையது போலவே இல்லை. கட்டைவிரலால் காற்றில் அகரம் முதல் எழுத்துகளை வரையும் பயிற்சியில் என் தம்பியின் சிறு மகன் எதிரே அமர்ந்து தன் காலாலும் எழுதினான். அவன் வராத நாளில் நான் பயிற்சியைத் தவறவிட்டதும் உண்டு. அவனுக்கும் என் நன்றி.

சக்கர வண்டியைத் துடைத்து, அதன் பிரேக்கை இறுக்கித் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். அண்டை வீட்டாரோ, அடுத்துத் தேவைப்படுவோருக்காக என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டார். குளியலுக்கான நாற்காலியும், கட்டு நனையாமல் காக்கும் உறையும் அதனுடன் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த எவருக்கேனும் வேண்டுமெனில் சொல்லுங்கள்; நானே கொண்டுவந்து, ஊன்றுகோலின் உயரத்தையும் பார்த்துச் சரிசெய்து தருகிறேன்.

நன்றியுடன்,
உங்களால் நடப்பவள்